இட்லி மாவுக்கு ஒரே ஒரு எண்

கேளம்பாக்கம் ஆபீஸில் ஸ்வாதி கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்ட இட்லி மாவு அவ்வளவு அழகாக ஓடியது. குழாய் முனையிலிருந்து இறங்கி, பாக்கெட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான், மாவை பாக்கெட்டில் அடைக்கும் மெஷினின் பம்புக்கு இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அவள் தனியாகச் செய்த முதல் வேலை. "சொதப்பினா, அடுத்த மாசத்துலேர்ந்து நீ ரிப்போர்ட் டைப் பண்ணத்தான் போற," என்று மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, அச்சரப்பாக்கத்தில் வேண்டா என்பவள் நடத்தும் மாவு கம்பெனியில் அந்த மெஷினுக்கு வெள்ளோட்டம். வேண்டா மெஷினுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். லக்ஷ்மிநாராயணன் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று குழாய்க்கு நேரே குனிந்தார். ஸ்வாதி பொத்தானை அமுக்கினாள்.

மாவு சீறிக்கொண்டு பாய்ந்தது. பாக்கெட் கிழிந்தது, மேஜை முழுகியது, லக்ஷ்மிநாராயணனின் மீசை ஒரே நொடியில் நரைத்தது.

"இன்னாம்மா இது? மாவு கேட்டா மழை குடுக்குற!" என்று வேண்டா அலறினாள்.

போன வாரம் செய்த காரியம் ஸ்வாதிக்கு அப்போதுதான் உறைத்தது. மாவு சும்மா இருந்தால் கெட்டி, வேகமாகத் தள்ளினால் இளகிவிடும். அவள் அளந்ததோ ஒரே வேகத்தில், அதுவும் ஆமை வேகத்தில். மாவின் கெட்டித்தனத்தை அளக்கும் கருவியை வேகமாகச் சுற்றவிட்டபோது மாவு தெறித்து ஆபீஸ் கார்ப்பெட்டில் விழவே, போதும்டா சாமி என்று நிறுத்திவிட்டாள். கிடைத்த அந்த ஒரே எண்ணைத்தான் மென்பொருளும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மாவு எப்போதும் கெட்டி என்று நம்பி அவ்வளவு அழுத்தம் கேட்டது.

"சார், தப்பு என்னுது. கார்ப்பெட் பாழாகுதுன்னு ஒரே வேகத்துல அளந்துட்டேன்."

அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் அந்த இரண்டு வட்டம் மட்டும் மனித நிறத்தில் இருந்தது. அவ்வளவுதான், ஸ்வாதியால் அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, வேண்டா சிரிக்க, பாக்கெட் ஒட்டுகிற பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிச்சு முடிச்சதும் சொல்லு. சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"ஒரு மணி நேரம் குடுங்க சார்!"

காரிலிருந்த அளவுக் கருவியைத் தூக்கி வந்தாள். நாலு வேகத்தில் சுற்றவிட்டு, சுடிதாரெல்லாம் மாவாக, எண்களை லேப்டாப்பில் ஏற்றி ஓடவிட்டாள். முதலில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் போதும் என்றது.

மறுபடி பொத்தான். வேண்டா முன்ஜாக்கிரதையாகக் குடையை விரித்துக்கொண்டாள். மாவு நிதானமாக இறங்கி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது, பத்து பாக்கெட்டும் அப்படியே. ஸ்வாதி சந்தோஷத்தில் துள்ளினாள், மாவில் வழுக்கினாள், வேண்டாவையே கட்டிக்கொண்டாள்.

"அடுத்து வெங்காயச் சட்னியும் பாக்கெட்ல போடணும் சார்," என்றாள் வேண்டா. "யார் செஞ்சு குடுப்பாங்க?"

லக்ஷ்மிநாராயணன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்வாதிதான் செய்வா," என்றார். "ஆனா, வெள்ளோட்டத்தன்னிக்கு நான் லீவு."