தாடை இல்லாத கார்

ஈப்போவில் நான் வேலை செய்த பட்டறையில் ஒரே பெயருள்ள இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று எழுபத்து மூன்றில் வந்தது, மற்றது எண்பத்து நான்கில். இரண்டும் எங்கள் முதலாளி, சீனத் தவுக்கேயுடையவை. பந்தயத்துக்குப் பழசைத்தான் கொண்டுபோவேன், அது புதுசைப் போலவே ரோட்டைப் பிடித்து ஓட வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

நான் பழனியப்பன், தகரம் தட்டுகிறவன். ஓட்டிப் பார்க்கிற வேலை சீனிக்கு. அவன் என் தங்கை காளியம்மாவின் புருஷன்.

காற்று போகிற போக்கு தெரிய, இரண்டு கார்களின் மேலும் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டினோம். காம்பார் பக்கம் மூடிக் கிடந்த ஈயச் சுரங்கத்துக்குள் ஒரு நேர்ரோடு உண்டு. அங்கே ஒன்றை ஓட்டி, மற்றதிலிருந்து பார்த்தோம். புதுசின் மேல் நூல்கள் கடைசிவரை படிந்து கிடந்தன. பழசின் பின்கண்ணாடியில் பேய் பிடித்ததுபோல் ஆடின. வேகம் கூடக் கூடக் காற்று அதன் பின்பக்கத்தைத் தூக்கியது. புதுசுக்குப் பின்னால் அகலமாக ஒரு வால், மூக்குக்கு அடியில் காற்று புகாதபடி தரையைத் தொடுகிற மாதிரி ஒரு தடுப்பு, தாடை என்போம். பதினொரு வருஷத்தில் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது இவ்வளவுதானா என்று நான் கேலி பேசினேன். எனக்கு வாய் அதிகம்.

அளவெடுத்து வாலையும் தாடையையும் பழசுக்கு நானே செய்தேன். முன்சக்கரத்தோடு ஒரு பென்சிலைக் கட்டி, மட்கார்டுக்குள் ஓர் அட்டையைப் பொருத்தினேன். கார் மூக்கைத் தூக்குகிற அளவுக்குக் கோடு விழும். வாலை மட்டும் மாட்டி ஓட்டியபோது இரண்டு அங்குலம் விழுந்தது. பின்பக்கத்தைக் காற்று அமுக்க அமுக்க முன்பக்கம் எழும்பியது. தாடையையும் மாட்டியதும் கோடு நகத்தளவு ஆனது.

"இப்பதான்லா மச்சான் ஸ்டேரிங் கையில நிக்குது," என்றான் சீனி.

கடைசி ஓட்டத்தன்று காலையில் காளியம்மா பிடிவாதம் பிடித்தாள். "முனியாண்டிகிட்ட காட்டாம அந்தக் காரைத் தொடாதீங்க."

துண்டு போட்டு விற்ற எங்கள் பழைய தோட்டத்தில், ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்த பிறகும் முனியாண்டி கோயில் மேட்டில் இருக்கிறது. நானும் சீனியும் போனோம். மண்பாதை முழுக்கப் பள்ளம், தாடை இடித்தது. நான் சேற்றில் படுத்து எட்டு போல்ட்டையும் கழற்றி, அதை ஒரு செம்பனை அடியில் சாத்திவிட்டு, சீனியை மேலே ஓட்டச் சொன்னேன்.

பூசாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். முனிக்குப் படைத்த பீர் போத்தலில் மிச்சத்தைக் கையில் கொடுத்தார். சீனி குடிக்கிறவன் இல்லை. வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

இறங்கும்போது, "தாடையை மாட்டிடு மச்சான்," என்றான்.

மறுபடியும் சேற்றில் படுக்க எனக்கு அலுப்பு. "ஒரு ஓட்டந்தானே, சாமி பாத்துக்கும். தவுக்கே காத்துக்கிட்டு இருக்காரு, போலாம் வா."

தவுக்கே நேர்ரோட்டின் மறுமுனையில் கடிகாரத்தோடு நின்றார். நான் அதைத் தாண்டி வருகிற வளைவில் நின்றேன். சீனி ஸ்டேரிங்கைத் திருப்பியதைக் கண்ணால் பார்த்தேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. நேராகப் போய்ப் பழைய கொட்டகையின் கான்கிரீட் தூணில் மோதியது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது அவனுக்கு மூச்சில்லை. உடைந்த போத்தலின் பீர் அவன் சட்டையெல்லாம் நனைத்திருந்தது. மூக்கு நொறுங்கிப் போனதால் தாடை இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வருவதற்குள் அட்டையைப் பிய்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைய முழு வேகத்துக்குக் கோடு நான்கு அங்குலம்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று தவுக்கே சொன்னார், ஊரும் சொன்னது. கருமாதி வீட்டில் சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு பரிமாறினேன்.

அன்று எல்லோரும் போன பிறகு காளியம்மா வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவரு குடிச்சிருந்தாரா?"

"சத்தியமா இல்லே."

அட்டையை எடுத்துக் காட்டினேன். காற்று, தாடை, மண்பாதை, போத்தல், எல்லாம் சொன்னேன். அவள் அந்தக் கோட்டை விரலால் தடவினாள்.

"கோயிலுக்குப் போகச் சொன்னது நான்தானே," என்றாள். பிறகு கேட்டாள், "அவரேதான் கழட்டினாரா?"

அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊருக்கே பேசுகிற வாய். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் அட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனாள். மலாய் பேச என்னையே கூட்டிக்கொண்டு போனாள்.

"எம் புருசன் குடிகாரன் இல்லே. நான் கோயிலுக்கு விரட்டினேன், அதுக்காகத் தாடையைக் கழட்டினாரு. திருப்பி மாட்ட மறந்துட்டாரு. தப்பு எங்க ரெண்டு பேருதுன்னு எழுதச் சொல்லுண்ணே."

ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். எழுதினார்கள். சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்ததும் காளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ மட்டும் இல்லேன்னா அவரு குடிகாரனாவே போயிருப்பாருண்ணே."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை.