விடுபட்டவர்கள் பதினொரு பேர்

சாலம்மாள் காலில் சுற்றியிருந்த பழைய புடவைத் துணியை அவிழ்த்ததுமே வாடை எழுந்தது. மேனகா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்துப்போய், இடையில் சீழ் வைத்திருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு பெரியம்மா?"

"இருவது நாளு இருக்கும் கண்ணு. செருப்பு கடிச்சதுதான். தானா ஆறிடும்னு வுட்டுட்டேன்."

மூன்றாம் மாதச் சோதனை அது. கருவியில் சர்க்கரை நானூற்றுப் பத்து காட்டியது.

"மாத்திரை போடுறீங்கதானே?"

"அதெங்க போடறேன்? மாவு குடுத்த அன்னைக்கே நிறுத்திட்டேன். மாவு குடிச்சா மாத்திரையே வேணாம்னு அந்தக் கம்பெனிக்காரரு சொன்னாருல்ல?"

மேனகாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. கடத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாற்பத்தெட்டு சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு அது. தர்மபுரியில் ஒரு தனியார் ஆராய்ச்சி மையம் நடத்தியது. மூன்று மாதம் ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சிறுதானிய மாவுக் கஞ்சி குடித்தால் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். மாவைத் தயாரிக்கும் கம்பெனியே அதை இலவசமாகக் கொடுத்தது. மாதம் ஒரு முறை வீடு வீடாகப் போய், முந்தின நாள் சாப்பிட்டதைக் கேட்டு எழுதி, சர்க்கரை பார்த்துவிட்டு வருவது ஊட்டச்சத்துப் படித்த மேனகாவின் வேலை. யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஆய்வு விதியிலேயே இருந்தது. மாவு கொடுத்த அன்று கம்பெனி ஆள் அப்படிப் பேசியபோது பக்கத்தில் நின்று பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு ஆட்டோ பிடித்து சாலம்மாளை தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மறுநாளே இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். காலை எடுக்காமல் தப்பித்ததே பெரிது என்றார் டாக்டர்.

அன்று மாலை தன் படிவங்களை எடுத்துப் புரட்டினாள். சாலம்மாளின் முதல் மாதப் படிவத்தில் 'மருந்தில் மாற்றமில்லை' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இரண்டாம் மாதமும் டிக். கேட்டு அடித்த டிக் இல்லை. ஒரு நாளில் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கும் அவசரத்தில் கை தன் பாட்டுக்குப் போட்டது. தன் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் மையத்தில் முடிவுகளைப் பேசும் கூட்டம். ஆய்வுத் தலைவர் டாக்டர் ஜெயபால் திரையில் அட்டவணையைக் காட்டினார். சேர்ந்தவர்கள் நாற்பத்தெட்டு, முடித்தவர்கள் முப்பத்தேழு, முடித்தவர்களுக்குச் சராசரியாகச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கம்பெனி ஆட்கள் கைதட்டினார்கள். எல்லோருக்கும் அதே மாவில் ஏலக்காயும் முந்திரியும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி வந்தது.

மேனகா மேசையிலிருந்த பட்டியலை எடுத்தாள். பதினொரு பேருக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்றிருந்தது. அதில் சாலம்மாள் பெயரும் இருந்தது.

"சார், இவங்க தொடர்புலதான் இருக்காங்க. நேத்துகூட ஆஸ்பத்திரில பார்த்துட்டு வந்தேன். இந்தப் பதினொரு பேர்ல ஒன்பது பேருக்குச் சர்க்கரை ஏறியிருக்கு. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

ஜெயபால் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "ஒழுங்கா குடிக்காதவங்களைச் சேர்த்தா முடிவே கெட்டுப்போயிடும்மா. எல்லா ஆய்வுலயும் கொஞ்சம் பேர் விடுபடத்தான் செய்வாங்க. நீ கஞ்சியைக் குடி, ஆறிடப்போகுது."

ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு நாக்கில் ஒட்டியது. மூக்குக்குள் அந்தத் துணியின் வாடை ஏறியது. எழுந்து ஓடிப்போய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது, தரவுகள் சரிபார்க்கப்பட்டன என்ற தாளும் பேனாவும் அவள் இடத்தில் தயாராக இருந்தன.

"நான் கையெழுத்துப் போட மாட்டேங்க சார்."

"ரெண்டு மாசமும் டிக் போட்டது நீதானேம்மா?" என்றார் ஜெயபால் மெதுவாக.

"ஆமாங்க. அதையும் எழுதிக் குடுக்கிறேன்."

அப்படியே செய்தாள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு மூலப் படிவங்களின் நகலோடு கடிதம் அனுப்பினாள். கம்பெனி ஆள் பேசியதையும், தான் வாய் திறக்காததையும், கேட்காமல் போட்ட டிக்குகளையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். பிறகு மற்ற பத்து வீடுகளுக்கும் போனாள். ஆறு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மாவை விட்டுவிட்டு மாத்திரையைத் திரும்பப் போடச் சொன்னாள். நஞ்சப்பன் என்பவர் மட்டும் அவளை வாசலோடு நிறுத்தி, "அன்னைக்கு குடின்னீங்க, இன்னைக்கு குடிக்காதங்கறீங்க. எங்களப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்று கத்தினார். மேனகா அவர் கத்தி முடிக்கும் வரை நின்று கேட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போய் சாலம்மாளிடமும் சொன்னாள். சாலம்மாள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"தெரிஞ்சே சும்மா நின்னியா?"

"ஆமாங்க பெரியம்மா."

"வூட்டுல இன்னும் நாலு பை மாவு கெடக்குது. வந்து எடுத்துட்டுப் போயிடு. இல்லன்னா எம் மருமவ மாட்டுக்குக் கரைச்சு வச்சிடுவா. அது வாயில்லா சீவன்."

விசாரணை நடந்தது. ஆய்வை ரத்து செய்தார்கள். முடிவுகள் எங்கும் அச்சாகவில்லை. மேனகாவுக்கு வேலை போனது. இப்போது பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். சாலம்மாள் மாத்திரை போடுகிறாள், தாங்கித் தாங்கி நடக்கிறாள். மேனகா போனால் தண்ணீர் கொடுக்கிறாள், உட்காரச் சொல்வதில்லை.

போன மாதம் அதியமான்கோட்டையில் ஹைவே கடையொன்றில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். அலமாரியில் அதே மாவு புதுப் பையில் இருந்தது. 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று பச்சை எழுத்து.

"நல்லா போகுதுங்க. ஒண்ணு எடுக்கட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

"இதுல மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்க," என்றாள் மேனகா.

அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். மேனகா வெளியே வந்து ரோட்டோரத்தில் காறித் துப்பினாள்.