அம்மா மூழ்கிய சனிக்கிழமைகள்

தொலைபேசியில் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நான் ஆஸ்பத்திரியில நிக்கிறன். எனக்கு ஒண்டுமில்லை. நீ ஒருக்கா வா."

லண்டன் ஹரோவிலிருந்து, அவர் செய்தியில் அனுப்பிய ஆஸ்பத்திரி விலாசத்துக்குக் காரில் போய்ச் சேரும்வரை கிருஷாந்தின் மனதில் ஓடியதெல்லாம் ஒரே யோசனைதான். சனிக்கிழமை காலையில் அம்மா கோயில் மடப்பள்ளிக்கு மரக்கறி வெட்டப் போவார். ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருப்பார். இல்லையென்றால் கத்தி கையைப் பதம் பார்த்திருக்கும். அம்மா சிவனேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா காலமான பிறகு தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் தனியாக இருக்கிறார், பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. என்னோடு வந்து இருங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். அவர் வரவில்லை.

வரவேற்பில் பெயரைச் சொன்னதும் அவசர சிகிச்சைப் பக்கம் அனுப்பாமல், பின்பக்கத்தில் இருந்த தனிக் கட்டடத்தைக் காட்டினார்கள். கதவில் 'அழுத்த அறை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அம்மா பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சேலை இல்லை, பஞ்சாபி உடுப்பும் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாகத் தைத்த, தடித்த கம்பளித் துணி. விண்வெளிக்குப் போகிறவர்கள் உள்ளே போடுகிற உடுப்பு மாதிரி. தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. இரண்டு முன்கைகளிலும் யாரோ சாட்டையால் அடித்ததுபோல் சிவந்த கோடுகள்.

"அம்மா! ஆர் அடிச்சது?"

"ஒருதரும் அடிக்கேல்ல. சட்டை நெரிச்சது. இரு."

"என்ன சட்டை? கோயில்ல என்ன நடந்தது?"

"நான் கோயிலுக்குப் போகேல்ல, தம்பி." அம்மா சுவரோரம் இருந்த பெரிய உருக்கு உருளையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்ன ஜன்னல். "தாரிணி உள்ளுக்க இருக்கிறாள்."

தாரிணி. அவனுடைய மனைவியாக இருந்தவள். விவாகரத்தாகி மூன்று வருடம். அந்தப் பெயரை அம்மாவின் வாயிலிருந்து அவன் கேட்டே எத்தனையோ காலம்.

ஜன்னலால் எட்டிப் பார்த்தான். அவள்தான். முகத்தில் ஒட்சிசன் முகமூடி, கண்கள் மூடியிருந்தன. அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் சரிந்து உட்கார்ந்தான்.

"தண்ணிக்குள்ள போனனாங்கள்," என்றார் அம்மா. "லண்டனுக்கு வெளியால ஒரு ஏரி இருக்கு. முந்திச் சரளைக்கல்லு தோண்டின கிடங்கு. ஒண்டுவிட்ட சனி ரெண்டு பேரும் போறனாங்கள். ரெண்டு வருசமா."

"உங்களுக்கு நீந்தவே தெரியாதே!"

"பழகினன். அவள்தான் பழக்கினவள்."

கிருஷாந்துக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது. வரவில்லை. கல்யாண வீடுகளில், பிறந்தநாள் விழாக்களில் அம்மாவின் கோயில் சேவையைப் பற்றி அவன்தான் எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். அந்த நேரங்களில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வடையைக் கடித்துக்கொண்டிருப்பார். தன்னடக்கம் என்று நினைத்திருந்தான்.

"நீங்கள் பிரிஞ்ச பிறகு ஒருநாள் அவள் என்ர குக்கரைத் திருப்பித் தர வந்தவள். தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். சனிக்கிழமையில என்ன செய்யிறாய் பிள்ளை எண்டு கேட்டன். தண்ணிக்கடியில போறன் மாமி எண்டாள். என்னையும் கூட்டிக்கொண்டு போ எண்டன். நீச்சல் உடுப்பு நான் போடமாட்டன் எண்டும் சொன்னன். அதுக்கு அவள், ட்ரைசூட் எண்டு ஒண்டு இருக்கு மாமி, முழுக்க மூடியிருக்கும், ஒரு சொட்டுத் தண்ணியும் மேல படாது எண்டாள்."

"இண்டைக்கு என்ன நடந்தது?"

அம்மா எழுந்து நின்று தன் உடம்பிலேயே காட்டினார். நெஞ்சின் நடுவில் ஒரு விரலை வைத்தார். "இதில ஒரு வால்வு. அமத்தினால் சட்டைக்குள்ள காத்து வரும். ஆழத்துக்குப் போகப்போகத் தண்ணி சட்டையை நெரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் காத்தை விட்டால்தான் தாழாமல், மிதக்காமல் ஒரு மட்டத்தில நிக்கலாம்." பிறகு இடது தோளைத் தொட்டார். "இது வெளியால விடுற வால்வு. மேல வரேக்க உள்ளுக்க இருக்கிற காத்துப் பெருக்கும். கையைத் தூக்கித் தோளை உசத்தினால்தான் அது வெளியால போகும்."

சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் சொன்னார். நடுக்கமே இல்லை. அதுதான் அவனைக் கூடுதலாகக் கலக்கியது.

"ஏரிக்கு அடியில ஒரு பழைய வான் வண்டி தாண்டுபோய்க் கிடக்கு. தாரிணி தலைகீழாக் குனிஞ்சு அதுக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டவள். காத்துக்குப் பொத்தானை அமத்தியிருக்கிறாள், அது திரும்பி வரேல்ல. மணல் ஏதும் சிக்கியிருக்கும். காத்து நிக்காமல் வந்துகொண்டே இருந்தது. தலை கீழ, கால் மேல. காத்தெல்லாம் காலுக்குப் போட்டுது. கால் ரெண்டும் பலூன் மாதிரி ஊதிக் கிடந்தது. தோள் வால்வு கீழ இருந்தால் என்னெண்டு காத்து போகும்? அப்பிடியே கால் மேலயாக் கிளம்பிட்டாள்."

"நீங்கள்?"

"எட்டி அவளின்ர கையைப் பிடிச்சன்."

"விட்டிருந்தால் உங்களுக்கு ஒண்டும் நடந்திருக்காதுதானே?"

அம்மா அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னையும் இழுத்துக்கொண்டு போனது. என்ர தோள் வால்வை முழுக்கத் திறந்து, இருந்த காத்து எல்லாத்தையும் விட்டிட்டன். சட்டை உடம்போட ஒட்டி இறுக்கினது. அந்த அடையாளம்தான் இது. ஆனால் நான் பாரமாயிட்டன், வேகம் குறைஞ்சுது. பிறகு அவளின்ர நெஞ்சு வால்வுக்குக் காத்துக் கொண்டுவாற குழாயைப் பிடுங்கினன். கையுறையோட லேசில கழண்டு வராது. கழண்டுது. இடுப்பைப் பிடிச்சுத் திருப்பி நிமித்தி, இடக் கையைத் தூக்கிப் பிடிச்சன். புஸ்ஸெண்டு காத்து போச்சுது. அதுக்குள்ள மேல வந்திட்டம். வரவேண்டிய வேகத்திலும் கெதியா வந்திட்டம். அப்பிடி வந்தால் இரத்தத்தில காத்துக் குமிழி கட்டும், அதுக்குத்தான் இந்த அறை. கரையில ஏறினாப்பிறகு கை விறைக்குது மாமி எண்டாள்."

உள்கதவு திறந்தது. மருத்துவர் பாமா, தமிழ்நாட்டுக்காரர், கையில் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "அம்மா, கவலப்படாதீங்க. கையில உணர்வு திரும்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள வச்சிருந்து மெதுவாத்தான் வெளிய கொண்டு வரணும்." பிறகு கிருஷாந்தைப் பார்த்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"என்ர மகன்," என்றார் அம்மா.

"ஓ, அப்ப அவங்க அண்ணனா? நீங்க அவங்கள மகள்னு சொன்னீங்களே?"

அம்மா கையை நீட்டித் தேநீரை வாங்கிக்கொண்டார்.

பாமா போன பிறகு கேட்பதா விடுவதா என்று தடுமாறி, கடைசியில் அவன் கேட்டேவிட்டான். "ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னால் நீ என்ன செய்வாய்? எனக்கும் அவளுக்கும் ஒத்துவராததாலதான் பிரிஞ்சனீங்கள் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாய். மாமியாரோட ஒட்டமாட்டாதவள் எண்டு."

அம்மாவின் காதுவரை அது போயிருக்கும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும். என்னிட்ட வந்து துக்கம் விசாரிச்சவை. நான் மறுத்தால் நீ பொய்யன் ஆவாய். பேசாமல் இருந்தன். அவளிட்டதான் மன்னிப்புக் கேட்டன், குக்கர் கொண்டு வந்த அண்டைக்கு."

பின்னேரம் தாரிணியை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்திருந்தது, நடை தளர்ந்திருந்தது. வந்ததும் அம்மாவின் முன்கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "மாமி, இதுக்கு மருந்து பூசினவையளோ?" அதற்குப் பிறகுதான் கிருஷாந்தைக் கண்டாள். திடுக்கிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் கூப்பிட்டனான்," என்றார் அம்மா. "காரோடுற நிலையில நான் இல்லை."

"எப்பிடி இருக்கிறீர்?" என்றான் அவன்.

"இருக்கிறன்."

தாரிணியின் வீடு ஸ்ட்ரெதமில். அன்றிரவு அவளைத் தனியே விடக்கூடாது, ஒரு மாதத்துக்குத் தண்ணீருக்குள் இறங்கவும் கூடாது என்று பாமா சொல்லியிருந்தார். அம்மா அங்கேயே தங்குவதாக முடிவாகியது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. பின்னிருக்கையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முன்னால் தாரிணி வெளியே பார்த்தபடி வந்தாள்.

ஆற்றைக் கடந்த பிறகு அவன் சொன்னான்: "நான் ஆக்களிட்ட அம்மாவைச் சாட்டிச் சொன்னனான். அது பொய். நான் வீட்டிலயே இருக்காததுதான் காரணம் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."

"எனக்குத் தெரியும்," என்றாள் தாரிணி. "மற்ற ஆக்களுக்குத்தான் தெரியாது," என்றாள்.

வீட்டு வாசலில் ஈரப் பைகளை இறக்கி வைத்தான். அம்மா தாரிணியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியேறினார். "கவனமாக் கார் ஓடு, தம்பி," என்றார். கதவு சாத்திக்கொண்டது.

கிருஷாந் காரில் ஏறி, தெருமுனைவரை ஓட்டி, இடப்பக்கமாக நிறுத்தினான். கலங்கிய தண்ணீருக்குள் தன் காற்றையெல்லாம் திறந்துவிட்டுப் பாரமான அம்மாவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் நினைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, ஊருக்கெல்லாம் கதை கொண்டுபோகிற விஜயரத்தினம் சித்தப்பாவின் இலக்கத்தைத் தேடினான்.

"சித்தப்பா, நான் கிருஷாந் கதைக்கிறன். தாரிணியைப் பற்றி நான் முந்திச் சொன்னதில ஒரு விசயம் திருத்திச் சொல்லவேணும்."