ரெண்டு ரிங் போதும்

பழிவாங்குவதற்கென்று செல்போன் வாங்கக் கிளம்பியவள், புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் ஜூஸ்தின் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டி விற்கிறவள். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் என்று ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு நேராக நெல்லித்தோப்புக்கு வந்து கமருஸ்ஸமான் பாயின் செல்போன் கடையில் ஏறினாள். விரலில் வாழைநார் ஈரம் இன்னும் காயவில்லை.

“ஒரு செல்லு வேணும் பாய்.”

“உக்காருக்கா. கேமரா செட்டு ஒண்ணு புதுசா வந்துருக்கு. பாட்டு கேக்கலாம், படம் புடிக்கலாம்...”

“பாட்டு மார்க்கெட்ல நாள் முச்சூடும் ஓடுது. படம் புடிக்க என் மூஞ்சிதான் கெடக்குது. சார்ஜ் எத்தினி நாளு நிக்கும்?”

“ஒரு நாளு நிக்கும்.”

“வாணாம். உள்ள வையி.”

பாய் அடுத்ததாகப் பளபளவென்று ஒரு சைனா செட்டை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலம், பின்பக்கம் நாலு ஸ்பீக்கர். “வெல கம்மி. சத்தம் வச்சா தெருவே எழுந்து உக்காரும்.”

“தெருவ எழுப்ப என் தொண்டையே போதும். கீழ வுழுந்தா?”

“வுழாம பாத்துக்கணும்.”

“பூக்கடையில எல்லாந்தான் வுழும் பாய். தண்ணி தெளிக்கறோம், கை ஈரமாவே இருக்கும், கீழ சிமெண்டு தர. அதுல அஞ்சு வருஷம் ஒழைக்கணும். ரெண்டாயிரத்துக்கு மேல என்கிட்ட கெடையாது.”

“அஞ்சு வருஷம் ஒழைக்க அது இன்னாக்கா, அம்மிக்கல்லா?”

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டு, கீழ் டிராயரைத் திறந்து ஒரு சின்ன நோக்கியாவை எடுத்தார். கறுப்பு வெள்ளைத் திரை. தலையில் ஒரு டார்ச். பட்டன்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே ரப்பர் ஏடாக மூடியிருந்தன. நடுவில் தூசி போகக்கூட இடுக்கு இல்லை. கொத்தனாரும் மீன்காரரும் லாரிக்காரரும் வாங்குவது இதைத்தான் என்றார் பாய். ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும் என்றார். ஆயிரத்து எழுநூறு.

ஜூஸ்தின் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள்.

கடையே திரும்பிப் பார்த்தது. செல் ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். பாய் எழுந்து வந்தார். குனிந்து மூன்றையும் பொறுக்கிச் சேர்த்து, மேல் பட்டனை அழுத்தினார். திரை எரிந்தது.

“இன்னொரு வாட்டி போடட்டா?”

“வாணாம்க்கா. நான் நம்பறேன்.”

“ஒரே நம்பருக்குத் திரும்பத் திரும்ப அடிக்கணும்னா?”

“பச்ச பட்டன ரெண்டு வாட்டி அமுத்துனா கடைசியா அடிச்ச நம்பருக்கே போவும். பாத்துக்கூட அடிக்க வேணாம்.”

“பிரான்சுக்குப் போவுமா?”

“போவும். லைஃப் டைம் கார்டு போட்டுத் தரேன், ஐஎஸ்டி தொறந்து தரேன். ஆனா எடுத்துப் பேசுனா நிமிஷத்துக்குப் பத்து ரூவா.”

“எடுக்கலன்னா?”

“மிஸ்டு காலுக்கு ஏதுக்கா காசு.”

“அது போதும்.”

“யாரு அங்க?”

“தம்பி.”

“தம்பி மேல அவ்ளோ பாசமா?”

“பாசமா? அவன் தூங்கக்கூடாது பாய். அதுக்குத்தான் இத வாங்கறேன்.”

கேட்டதற்குச் சொல்லாமல் போகிறவள் இல்லை அவள். நின்றபடியே சொன்னாள்.

தம்பி பேர் ஃபாபிரிஸ். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜொசியானைக் கட்டிக்கொண்டு பிரான்சு போனவன். ஜொசியானுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. நேஷனாலிட்டி இருக்கிற பெண்ணைக் கட்டுவதென்றால் இந்த ஊரில் மாப்பிள்ளை வீடுதான் சீர் செய்ய வேண்டும். அம்மா குஞ்சம்மாள் தன் காதில் கிடந்ததையும் மகள் கழுத்தில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்து மகனை விமானம் ஏற்றினாள். போனவன் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

போன ஜனவரியில் குஞ்சம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்: ஃபாபிரிஸ் குரலைக் கேட்க வேண்டும். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு இரக்கம் வந்து, தன் செல்லைத் தலைமாட்டில் வைத்து, “இதுக்குக் கூப்புடச் சொல்லுங்க” என்றாள். ஜூஸ்தின் எதிர்ப்பக்க எஸ்டிடி பூத்துக்கு ஓடினாள். மணி எட்டரை. அங்கே விடியற்காலை நாலு.

“ஃபாபிரிஸ், ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்க. ஒரு நிமிஷம் கூப்புட்டு அம்மாகிட்டப் பேசு. இன்னிக்கு மேல தாங்காதுங்கறாங்க.”

“அக்கா, இங்க மணி நாலு. ஓட்டல்ல பாத்திரம் கழுவிட்டு இப்பத்தான் வந்து படுத்தேன். காலையில பேசறேன்.”

வைத்துவிட்டான். மறுபடி போட்டாள், எங்கேஜ்டு. பதினோரு முறை போட்டாள். பதினோரு முறையும் எங்கேஜ்டு. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். அதை அவனே பிறகு சொன்னான், அடக்கம் முடிந்த மறுநாள் கூப்பிட்டு, ஏதோ வெயிலுக்குக் கதவைச் சாத்தினேன் என்பது போல. குஞ்சம்மாள் பன்னிரண்டு மணிக்குப் போனாள். அதுவரைக்கும் அவள் கண் அந்த செல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

பாய் கொஞ்ச நேரம் துணியால் கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நூறு ரூவா கொறச்சுக் குடுக்கா.”

“எதுக்கு?”

“என் தம்பியும் சவுதியிலதான் இருக்கான்.”

அவள் பணத்தை எண்ணி வைத்தாள். பாய் கவரில் போட்டுக் கொடுக்கும்போது கேட்டார், “செல்லு அஞ்சு வருஷம் வரும். கோவம் வருமாக்கா?”

“அதுக்கு சார்ஜே போட வேணாம் பாய்.”

திங்கட்கிழமை ஆரம்பித்தாள். சரியாக எட்டரை மணி. மல்லிக்கூடைக்கும் சாமந்தி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தபடி பச்சைப் பட்டனை அழுத்தி, காதில் வைத்து, ஒரு ரிங், இரண்டு ரிங், கட்.

பக்கத்துக் கடையில் வாழையிலை விற்கிற சின்னக்கண்ணு எட்டிப் பார்த்தாள். “யாருக்குடி அடிச்ச? பேசவே இல்ல?”

“ரெண்டு ரிங் போதும். மூணாவது போனா எடுத்துடுவான்.”

விஷயம் தெரிந்ததும் சின்னக்கண்ணு இலையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து எட்டரைக்கு அவளும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜூஸ்தினுக்கு அந்த நாட்கள் நன்றாக இருந்தன. அவன் திடுக்கிட்டு எழுவது கண்ணுக்குத் தெரிந்தது. போர்வையைத் தள்ளுகிறான், குளிரில் காலைக் கீழே வைக்கிறான், போன்கிட்டப் போகிறான், போனதும் நின்றுவிடுகிறது. வந்து படுக்கிறான். தூக்கம் வரவில்லை. ஒரு முழம் பூக்கட்டுகிற நேரம் இதை நினைத்துக்கொண்டிருந்தால் கை தானாக ஓடியது.

நாலாம் நாள் எங்கேஜ்டு. மறுபடி எடுத்துக் கீழே வைத்துவிட்டான். அவள் விடவில்லை. எங்கேஜ்டு என்று தெரிந்தே பதினேழு நாள் தினம் அடித்தாள். அதற்குள் செல் இரண்டு முறை தண்ணீர் வாளியில் விழுந்தது. ஒருமுறை மூட்டை தூக்குகிறவர் மிதித்துவிட்டுப் போனார். துடைத்து, வெயிலில் வைத்து, மறுபடி அடித்தாள். மார்ச் ஆரம்பத்தில் ஒருநாள் எங்கேஜ்டு போய் ரிங் வந்தது. மறுநாளும் வந்தது.

“வழிக்கு வந்துட்டான்டி,” என்று சின்னக்கண்ணுவுக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தாள். எத்தனை நாள்தான் ரிசீவரைக் கீழே வைத்திருப்பான், அவனுக்கும் நாலு பேர் பேச வேண்டாமா. இனி வருஷம் முழுக்க இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தபோது அந்த செல் முதல்முறையாக அவளைக் கூப்பிட்டது. எடுத்தாள்.

“அக்கா, நான்தான். செல்லு வாங்கனத சொல்லவே இல்ல பாரு.”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“மொதல்ல யாரோ ராங் நம்பர்னு நெனச்சேன்கா. அப்புறம் ஜொசியான்தான் நம்பரப் பாத்துட்டு, இந்தியா நம்பரு, உங்க அக்காவாத்தான் இருக்கும்னா. அக்கா, உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நீதான் இப்ப என்னை தெனம் எழுப்பி வுடற.”

“இன்னா சொல்ற?”

“ஓட்டல் வேல போயிடுச்சு. இப்ப ரொட்டி ஃபேக்டரி. விடியகால அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். அலாரம் வச்சா அத தட்டி அமுத்திட்டுத் தூங்கிடறேன். உன் ரிங்கு வந்தா எழுந்து ஹாலுக்குப் போவணும் பாரு, அதோட தூக்கம் போயிடுது. எங்க அக்காவுக்குக் கோவம் தீந்துடுச்சு, இல்லன்னா தெனம் நெனச்சு அடிப்பாளான்னு ஜொசியான்கிட்டச் சொல்லி அழுதுட்டேன்கா.”

சோற்றுக் கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்தது. ஜூஸ்தின் அடுப்பை அணைக்கவில்லை. ஒரு மாசமாக இவள் கொடுத்த தண்டனையை அவன் வேலைக்குப் போகும் அலாரமாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

“இன்னிக்கு எதுக்குக் கூப்புட்டேன்னா, இங்க கோடைக்கு மணிய ஒரு மணி நேரம் முன்ன தள்ளிட்டாங்க. நாளையிலேருந்து உங்க ஏழரைக்குக் குடுக்கணும்கா. எட்டரைக்குக் குடுத்தீன்னா இங்க அஞ்சு ஆயிடும், போச்சு. ஏற்கெனவே ரெண்டு வாட்டி லேட்டு. மூணாவது ஆனா வூட்டுக்கு அனுப்பிடுவான். நாளைக்குத்தான் கோந்த்ரா ஒப்பந்தத்துல கையெழுத்து. அது ஆயிடுச்சுன்னா வேல நிரந்தரம். மறந்துடாதக்கா.”

“ஏழரையா?”

“ஏழர.”

“சரி.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கே கூடைகளை அவிழ்த்து வைத்துவிட்டாள். செல்லை மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு கல்யாண மாலைக்கு ஆர்டர் இருந்தது; சம்பங்கியை எடுத்துக் கோக்க ஆரம்பித்தாள். ஏழரை ஆனது. தொடவில்லை.

ஏழே முக்காலுக்கு சின்னக்கண்ணு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தாள்.

“மறந்துட்டியாடி?”

“இல்ல.”

“ரெண்டு புள்ளைங்கடி அவனுக்கு.”

“தெரியும்.”

“இப்ப அடிச்சாக்கூட ஓடிடுவான்.”

ஜூஸ்தின் செல்லைக் கையில் எடுத்தாள். கட்டை விரலைப் பச்சைப் பட்டன் மேல் வைத்தாள். லேசாக இரண்டு அழுத்து. இரண்டு ரிங். தம்பி எழுந்து, முகம் கழுவி, ஓடி, கையெழுத்துப் போட்டுவிடுவான். அந்த நர்ஸ் அடுத்த வார்டுக்குப் போகிற நேரம் ஆகியும் செல்லைத் திரும்ப எடுக்க மனசு வராமல் கட்டில் பக்கத்தில் நின்றது ஞாபகம் வந்தது. கடைசியில் எடுத்துக்கொண்டுதான் போனாள். குஞ்சம்மாளின் கண் வாசல்வரைக்கும் அவள் கை பின்னாலேயே போனது.

விரலை எடுத்துவிட்டாள். செல்லை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த சம்பங்கியைக் கோத்தாள்.

பத்தேகாலுக்கு அது அடித்தது. நாலு ரிங் விட்டு எடுத்தாள்.

“அக்கா, ஏன்கா குடுக்கல?” அவனுக்கு மூச்சு வாங்கியது. தெருவில் நின்று பேசுகிறான் போல, பின்னால் வண்டிச் சத்தம். “செல்லு ரிப்பேரா? காசு இல்லியா? ஒடம்புக்கு ஏதாவதா?”

“செல்லு நல்லா இருக்கு. ஒடம்பும் நல்லா இருக்கு. வேணும்னுதான் குடுக்கல.”



“உள்ளயே வுடலக்கா. கேட்லயே நிறுத்திட்டான்.”

“ம்.”

“அம்மா செத்ததுக்கா இது?”

“அம்மா செத்தது வியாதியில. அதுக்கு உன்ன ஒண்ணும் சொல்லல. நீ போன எடுத்துக் கீழ வச்ச பாரு, அதுக்கு.”

“நான் அப்ப தூக்கத்துல...”

“ஆமாம். தூக்கத்துலதான் வச்ச.”

அவன் அழுகிறானா, மூக்கை உறிஞ்சுகிறானா என்று தெரியவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன்தான் வைத்தான். ஜூஸ்தின் மாலையைத் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு பக்கம் நாலு விரல் கூடியிருந்தது. பிரித்துக் கட்டினாள்.

சின்னக்கண்ணு அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு ஜூஸ்தின் செல்லை எடுப்பதைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை.

“இப்பத்தான் அவனுக்கு வேலையே இல்லியேடி. இன்னும் எதுக்கு?”

“அதான். இன்னிக்குத்தான் தூங்குவான்.”

பச்சைப் பட்டனை இரண்டு முறை அழுத்தி காதில் வைத்தாள். ஒரு ரிங்கூட முழுசாகப் போகவில்லை. எடுத்துவிட்டான். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

“அக்கா.” தூக்கக் கலக்கம் துளியும் இல்லாத குரல். “முழிச்சிட்டுதான்கா இருக்கேன். நேத்துலேருந்து கண்ணே மூடல. உள்ள போயி படுத்தா அம்மா மூஞ்சிதான் வருது.”

சின்னக்கண்ணு காதை நீட்டினாள். ஒரு அம்மாள் வந்து மல்லி முழம் என்ன விலை என்று கேட்டாள். ஜூஸ்தின் அவளைக் கையால் நிற்கச் சொன்னாள்.

“அம்மா வரட்டும். பேசு அவகிட்ட,” என்று சொல்லிவிட்டு செல்லை மடியில் போட்டாள். “முழம் பத்து ரூவாம்மா. எத்தினி முழம் வேணும்?”