டிஸ்டார்ஷனை அணைத்த பிறகு

கிட்டாரில் ஸ்வரங்களை ஒட்டி ஒட்டி வாசிக்கும் லெகாட்டோவில் வலது கைக்கு அதிக வேலையில்லை. பிக் என்ற சிறு தகட்டால் தந்தியை ஒரு முறை தட்டினால் போதும்; மீதி ஸ்வரங்களை இடது கை விரல்களே அடித்தும் இழுத்தும் எழுப்ப வேண்டும். கேட்பவருக்கு இடைவெளியே தெரியக்கூடாது. நொடிக்குப் பன்னிரண்டு ஸ்வரம் என் வேகம். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் அலட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை சாயம் வெளுத்தது. பெரிய குழு ஒன்றின் கிட்டார்காரர் விலகிவிட, அந்த இடத்துக்கு என்னை வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் வாசிப்பு, அதைப் பதிவும் செய்வார்கள். முப்பத்தெட்டு வயதில் இன்னொரு அழைப்பு வராது. டிஸ்டார்ஷன் பெடலின் இரைச்சல் சேராத சுத்தமான ஒலியையும் அங்கே தனியாகப் பதிவு செய்வார்கள் என்று அந்தக் குழுவின் டிரம்மர் சொல்லியிருந்தான். அப்படியும் ஒரு தடவை பார்த்துவிடலாமென்று பெடலை அணைத்தேன்.

மூன்று ஸ்வரம் கேட்டது. நான்காவது இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி மூன்று, மறுபடி ஓட்டை. சுண்டுவிரல் தந்தியைத் தொட்டதே தவிர அழுத்தவில்லை.

இரண்டு மாதமாகவே அந்த விரல் மக்கர் செய்தது. வாசிக்கும்போது மட்டும் உள்ளங்கைப் பக்கம் சுருளும். வலித்திருந்தாலாவது தைலம் தேய்த்திருப்பேன். வலிக்கவில்லை, அதனால் டிஸ்டார்ஷனைக் கூட்டினேன். அந்த இரைச்சலில் முந்தைய ஸ்வரம் நீண்டு ஓட்டையை அடைத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதை நானே ருசித்தும் சாப்பிட்டிருக்கிறேன்.

பயந்தவனுக்குப் புத்தி ஏது? அன்று ஆறு மணி நேரம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க விரல் இன்னும் சுருண்டது. பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒரே படிக்கட்டில் எத்தனை தடவைதான் ஏறி இறங்குவாய் என்று கேலி செய்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்றாள். எரிந்து விழுந்தேன். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும்.

மறுநாள் டிஸ்டார்ஷனோடு வாசித்து முடித்ததும் குழுத் தலைவர், பிரமாதம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போன் பேச வெளியே போனார். ஒலிப்பதிவாளர் மட்டும் எழுந்திருக்கவில்லை. சுத்தமான ஒலியைத் தனியாக ஓடவிட்டார். மூன்று, ஓட்டை. மூன்று, ஓட்டை.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு?"

கொஞ்சம் அசதி, தூங்கினால் சரியாகிவிடும் என்றேன்.

அவர் என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். அதுவரை சாதாரணமாக இருந்த அவருடைய இடது கை தந்தியில் பட்டதும், சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. அவர் வலது கையால் பிரித்துவிட்டார். மறுபடி சுருண்டன.

"நானும் தூங்கினா சரியாயிடும்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஒரு வருஷம் சொன்னேன்."

கதவு திறந்தது. ஒலிப்பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று தலைவர் கேட்டார். ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்தார்.

"சார், என் விரல் வேலை செய்யல," என்றேன்.

தலைவருக்குப் புரியவில்லை. கையைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். ஐந்து விரலும் நேராகத்தான் இருந்தன.