முந்திக்கொண்ட ஃப்ளெக்ஸ்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை, மதுரை விளாங்குடி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டப்பட்டிருந்தது. 'அரசின் நாவல் நல்கை பெற்ற எங்கள் எழுத்தாளர் கனகலட்சுமி அவர்களை வாழ்த்துகிறோம்' என்று அதில் அச்சாகியிருந்தது. அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம் நின்றது.

நல்கை அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு மட்டும்தான் வந்திருந்தது.

கனகலட்சுமி சிம்மக்கல்லில் சிக்கந்தரின் ஃப்ளெக்ஸ் கடையில் கணினி வடிவமைப்பாளர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் வாசகம் அவருடையது. அந்தக் கடையைப் பற்றியே ஒரு நாவல் எழுதிவந்தார். வேலைக்குப் போய்வந்து எழுதியதில் அது பாதியில் நின்றுவிட்டது. அரசு விழா ஒன்றின் ஆர்டருக்கு இலச்சினை எடுக்க, விழா நடத்தும் துறையின் இணையதளத்தைத் திறந்தபோது, பக்கத்தின் ஓரத்தில் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. முடிக்காத நாவலை எழுதி முடிக்க இரண்டு வருடத்துக்கு அரசு தரும் உதவித்தொகை, அதாவது நல்கை. விண்ணப்பித்தார். அது கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு எழுதி முடிக்கலாம். கிடைக்காவிட்டால் நாவல் அப்படியே கிடக்கும்.

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்று, கடைக்குள் நுழைந்ததும் சிக்கந்தரிடம் கேட்டார்.

"பாய், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா, சிங்கம் சின்னதாப் போச்சா?"

"எனக்கு இன்னும் கெடைக்கவே இல்ல பாய்!"

"கவர்மெண்டே மெட்ராசுக்குக் கூப்பிடுது. குடுக்காதவன் எதுக்குக் கூப்பிடுறான்? இன்ஷா அல்லாஹ், கெடச்சாச்சுன்னு வச்சுக்க."

சிக்கந்தரின் தொழில்முறையே அப்படித்தான். தேர்தல் என்றால் வாக்கு எண்ணுவதற்கு முன்பே இரண்டு வேட்பாளர்களுக்கும் வெற்றி ஃப்ளெக்ஸ் அடித்துவைப்பார். ஜெயித்தவருடையது தெருவுக்குப் போகும். தோற்றவருடையது யாராவது ஒருவரின் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும்.

சாயங்காலத்துக்குள் ஃப்ளெக்ஸை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, யாரோ துறைக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே மின்னஞ்சல் வந்தது. முடிவு வெளியாகும் முன் நல்கை பெற்றதாக விளம்பரம் செய்தது ஏன் என்று நேர்காணலில் விளக்க வேண்டும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

உடன் வேலை செய்யும் முகமது ஆசிப் ஒரு வழி சொன்னான்.

"யாரு வச்சாங்கன்னே தெரியாதுன்னு சொல்லிருங்கக்கா. ரசிகர்க பண்ணிட்டாங்கன்னு அடிச்சு விடுங்க."

"எனக்கு ஏதுடா ரசிகரு? நான் எழுதினதைப் படிச்சதே நீயும் பாயும்தான்."

"நான் முழுசாப் படிக்கலக்கா."

கனகலட்சுமி சிரித்துவிட்டார். பிறகு சிக்கந்தரிடம் திரும்பி, "பாய், அந்த ஃப்ளெக்ஸைக் குடுங்க. கொண்டு போறேன்" என்றார்.

"ஐயோ, அதை உக்கிரபாண்டி மாட்டுக்கொட்டகைக்குச் சொல்லி வச்சுட்டேனே."

"என்னது? ஒருவேளை கெடைக்காதுன்னு உங்களுக்கும் தோணியிருக்கு!"

"தொழில் வேற, உனக்காக அல்லாஹ்கிட்ட கேக்குற துவா வேறம்மா" என்று சிக்கந்தர் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக் கொடுத்தார்.

மாட்டுத்தாவணியில் சென்னைப் பேருந்து ஏறும்போது நடத்துநர் அதைக் கூடாரம் என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவராக இருந்த அம்மையார் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது உங்க வேலையா?"

"இல்லம்மா. ஆனா யார் வேலைன்னு தெரியும். போன்ல பாத்தா ஒண்ணும் விளங்காது, முழுசாப் பாருங்க."

நாற்காலிகளை நகர்த்தி ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்தார். அறை போதவில்லை, சிங்கத்தின் வால் கதவுக்கு வெளியே போனது. கீழ் வரிசையில் இருந்த, வாழ்த்துவோரின் சிறிய முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இவரு டீக்கடை மருது அண்ணே. திருவிழா ஃப்ளெக்ஸ்ல இவரைக் கடைசியாப் போட்டோம். ஒரு வாரம் எங்க கடைக்கு டீ வரல. அதான் இதுல மொத ஆளு. இவரு சிவபாண்டி. எங்க வீட்டோட பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனா ஊரே இருக்கிற ஃப்ளெக்ஸ்ல தான் இல்லைன்னா அசிங்கம்னு அவரே போட்டோ குடுத்து விட்டாரு."

"இந்தக் கைக்குழந்தை?" என்று கேட்டார் உறுப்பினர் ஒருவர்.

"மருது அண்ணே பேத்தி. அதோட காதுகுத்து ஃப்ளெக்ஸ்ல சொந்தக்காரங்க முகமே எடத்தை அடைச்சிருச்சு. அது விட்டுப்போச்சு. இதுல சேத்துட்டாங்க."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "இதுல பொய் எது?"

"நான் நல்கை வாங்கிட்டேங்கிறது பொய். சிங்கமும் என்னோடது இல்ல. மத்த அம்புட்டும் நெசம். இந்தச் சனத்தைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

நாவலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். வாக்கு எண்ணிக்கை நாளன்று கடைக்குள் இரண்டு வெற்றி ஃப்ளெக்ஸ்கள் அருகருகே காயும் அத்தியாயத்தை வாசித்தார். பாதியில் நிறுத்தப் போனபோது, "முடிங்க" என்றார் தலைவர். அடுத்த விண்ணப்பதாரர் வெளியே காத்திருந்தார். வாசித்து முடித்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விளக்கம் ஏற்கப்பட்டதுன்னு எழுதிக்கோங்க" என்று தலைவர் அலுவலரிடம் சொன்னார். பிறகு கனகலட்சுமியிடம் கேட்டார். "கிடைக்கலைன்னா இந்த ஃப்ளெக்ஸ் எங்க போகும்?"

"மாட்டுக்கொட்டகைக்கும்மா. ஆள்கூட ரெடி."

அக்டோபரில் முடிவு வெளியானது. கனகலட்சுமிக்கு நல்கை கிடைத்தது. அன்று மாலை அதே ஃப்ளெக்ஸ் விளாங்குடி நிறுத்தத்துக்கு எதிரே மறுபடியும் கட்டப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து அவர் கடைக்குப் போகவில்லை. உக்கிரபாண்டியின் கொட்டகைக்கு வேறு ஃப்ளெக்ஸ் கொடுக்கப்பட்டது.