பஞ்சு புகாத பெட்டி

கருமத்தம்பட்டியில் கருப்பாத்தாளின் தறிக்குடோனில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டுத் தறிகளும் நின்றுவிடும். முதலாளியம்மா சூடத்தட்டை ஏந்தி முதல் தறியில் ஆரம்பிப்பார். எட்டுக்கும் காட்டி முடித்து, மூலையிலிருக்கும் பேட்டரிப் பெட்டியின் மேல் தட்டை வைத்துக் கும்பிடுவார். அதோடு பூஜை முடிந்தது.

அந்தப் பெட்டி அவரே அடிக்கச் சொன்னது. பறக்கிற பஞ்செல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் படிகிறதென்று, பிளைவுட்டில் அடித்து, இடுக்குகளில் டேப் ஒட்டி இறுக மூடிவிட்டார். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சீல் வைத்த பேட்டரிகள். சீல் வைத்ததிலிருந்து என்ன வெளியே வரப்போகிறது என்று நினைத்தார்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிற அன்புக்கரசிக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. சாக்கடை என்று நினைத்தாள். தறி மேஸ்திரி வெள்ளியங்கிரி, ராத்திரி யார் எத்தனை முட்டைப் பரோட்டா தின்றார்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்துச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

தறிகள் நின்றபோது பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சீறல் கேட்டது. அன்புக்கரசி பலகையில் கை வைத்தாள். தோசைக்கல் போல் சுட்டது.

அவள் புருஷன் ஆல்வின் அவினாசியில் பேட்டரிக் கடையில் வேலை பார்க்கிறவன். சார்ஜ் அளவு மீறி ஏறினால் சீல் வைத்த பேட்டரியும் வீங்கி வாயுவைக் கக்கும், மூடின இடத்தில் அது தேங்கினால் ஒரு பொறி போதும், ஆசிட்டோடு வெடிக்கும் என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வான். அவள் தலையாட்டுவாள். அவளுக்கு எதற்கும் தலையாட்டித்தான் பழக்கம்.

கருப்பாத்தாள் ஐந்தாம் தறிக்கு வந்திருந்தார்.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குடோனில் சர்ச்சுக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். சூடத்தை அவள் தடுத்தால் என்ன நினைப்பார்கள்? ஆறாம் தறி. ஏழு. எழுந்துபோய்ப் பெட்டியை மறைத்து நின்றாள்.

"தள்ளி நில்லு அம்மணி," என்றார் கருப்பாத்தாள், எட்டாம் தறிக்குக் காட்டிக்கொண்டே.

அவள் நகரவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கருப்பாத்தாளின் முகம் மாறியது. "ஏன், எங்க சாமிக்குக் காட்டறது உனக்கு ஆகலையாக்கும்?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தட்டு நாலு அடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"சாமிக்குக் காட்டுங்கக்கா. வெளிய கொண்டுபோய்க் காட்டுங்க. உள்ள பேட்டரி வெந்துட்டிருக்குதுங்க. தீ பக்கத்துல வந்தா வெடிச்சுப்போடும்."

வெள்ளியங்கிரி பலகையைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். வாடை போகட்டுமென்று பெட்டிக்கு மேலேயிருந்த ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"சுவிட்ச்லயும் பொறி வருமுங்கண்ணா. ஆபீஸ் ரூமுக்குப் போய் மெயினை நிறுத்துங்க. பொட்டியத் திறக்காதீங்க."

கருப்பாத்தாள் சூடத்தீயைக் கையால் மறைத்தபடி, பின்னோக்கி நடந்து வாசலுக்குப் போனார். தெருவில் தட்டை வைத்த பிறகுதான் உள்ளங்கை கன்றியிருந்ததைப் பார்த்தார். வெள்ளியங்கிரி மெயினை நிறுத்திவிட்டு வந்ததும், ஷட்டர் இரண்டையும் தூக்கிவிட்டு எல்லோரும் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

அன்புக்கரசி போன் போட்டு ஆல்வினை வரச் சொன்னாள். அவன் வந்து, நெடுநேரம் ஆறவிட்டு, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு பெட்டியைப் பிரித்தான். நாலில் மூன்று பேட்டரிகள் பலாக்காய்போல் உப்பியிருந்தன. அதில் ஒன்று விரிசல் விட்டு ஆசிட் கசிந்து, அடிப்பலகை கருத்துப் பொடிந்திருந்தது. கிட்டே குனிந்த வெள்ளியங்கிரியை அவன் அதட்டி விரட்டினான்.

அடுத்த வெள்ளிக்குள் புதுப் பேட்டரிகள் பின்பக்கத் தாழ்வாரத்தில், கம்பி ஸ்டாண்டில், காற்றோட்டமாக உட்கார்ந்திருந்தன. தறிகள் நின்றன. கருப்பாத்தாள் தட்டில் சூடத்தை வைத்தார். தீப்பெட்டியைத் திறந்தவர், உரசாமல் நின்றார்.

"ஏ அம்மணி, போய் மோந்து பாத்துட்டு வா. பத்த வைக்கலாமா?"

யாரோ சிரித்தார்கள். கருப்பாத்தாள் சிரிக்கவில்லை. அன்புக்கரசி தாழ்வாரத்துக்குப் போய், ஒவ்வொரு பேட்டரியாகக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் திரும்பி வந்தாள். எட்டுத் தறியும் காத்திருந்தன.

"பத்த வைங்கக்கா," என்றாள், கடைசித் தறிக்கும் கேட்கிற குரலில்.